தோளில் தொங்கிய பை

கம்ப்யூட்டரில் ஓடும் நாள்காட்டி நிரல் ஒன்று, முகூர்த்த நாட்கள் எழுதிய கோப்பு ஒன்றை ஒரு பைக்குள் பத்திரமாக வைத்திருந்தது. பிறந்த கம்ப்யூட்டரில் அந்தப் பை வலது பக்க அறையில் இருந்ததால், எதைக் கேட்டாலும் வலது பக்க அறைக்கு ஓடிப் பழகியிருந்தது. ஒருநாள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பூக்கடை வடிவாம்பாளின் கம்ப்யூட்டருக்குக் குடிவந்தது.

"நாளைக்கு முகூர்த்தம் உண்டா?" என்று கேட்டாள் வடிவாம்பாள்.

நாள்காட்டி வலது பக்க அறைக்கு ஓடியது.

"அண்ணே, நான் உங்க தோள்லதான் தொங்குறேன்!" என்று பைக்குள்ளிருந்து கோப்பு கத்தியது.

"தொணதொணக்காதே. முக்கியமான ஒண்ணைத் தேடிக்கிட்டு இருக்கேன்."

அந்த அறையில் யாரோ போட்டுவிட்டுப் போன பழைய வருஷத்து முகூர்த்தக் கோப்பு ஒன்று தூசியோடு கிடந்தது. நாள்காட்டி அதைத் தட்டிப் பிரித்துப் பார்த்துவிட்டு, "உண்டு, பெரிய முகூர்த்தம்!" என்று அடித்துச் சொன்னது.

வடிவாம்பாள் விடிய விடியக் கல்யாண மாலை கட்டினாள். மறுநாள் மத்தியானம்வரை ஒரு மாப்பிள்ளை வீட்டார்கூட எட்டிப் பார்க்கவில்லை. ரோஜா எல்லாம் தலை தொங்கிவிட்டது. வயிற்றெரிச்சலில் அவள் நாள்காட்டியைப் பையோடு தூக்கிக் கம்ப்யூட்டரின் குப்பைத்தொட்டியில் போட்டாள்.

"இந்தக் கம்ப்யூட்டரே சரியில்லை. எங்க ஊர்ல நான் ஒரு தடவைகூடத் தப்பாச் சொன்னதில்லை" என்று நாள்காட்டி முறைத்தது.

"இப்பவாவது பைக்குள்ள பாருங்கண்ணே" என்று கெஞ்சியது கோப்பு.

நாள்காட்டி அதைக் காதிலேயே வாங்கவில்லை. பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த பழைய புகைப்படத்தைத் தட்டி எழுப்பியது.

"தம்பி, இந்தக் குப்பைத்தொட்டியில வலது பக்க அறை எங்க இருக்கு?"