ஒரு சாண் கோணல்

"கழுத்து கழண்டு விழுந்துடும் போல இருக்கு மேடம். அந்தக் கோணல் மட்டும் எனக்கு வரவே மாட்டேங்குது!" ஊசியைக் கீழே வைத்தாள் தையல்காரி.

மியூசியத்தின் பின்னறையில், மேசைமேல் மெல்லிய தாள்களுக்கு நடுவே படுத்திருந்தது நூற்றைம்பது வருஷத்துப் பட்டு கவுன். யாரோ ஒரு சீமாட்டி விருந்துக்குப் போட்டுப் போனது. அத்தனையும் கைத்தையல். மூக்கு உரசக் குனிந்து பார்த்தால்தான் தையல் என்றே தெரியும். அதேபோல இன்னொன்று தைக்க இவளை அமர்த்தியிருந்தார்கள். எல்லாம் அச்சாக வந்துவிட்டது. கீழ் விளிம்பில் ஒரு சாண் நீளத்துக்கு மட்டும் பழைய தையல் தள்ளாடிக்கொண்டு ஓடியது. அப்புறம் சட்டென்று மறுபடி நேர்.

"நகல்னா தப்பும் சேர்த்துத்தான்மா. சாயங்காலம் இயக்குநர் பார்க்க வர்றார். அந்த ஒரு சாண் ஒத்துப்போகலைன்னா அடுத்த கவுன் வேற ஆளுக்குப் போயிடும்" என்றார் மேடம், மியூசியத்தின் ஆடை ஆய்வாளர்.

"வேணும்னு கோணினா, கோணலும் ஒழுங்கா வந்து தொலைக்குதே! குடிச்சிட்டுத் தச்சாளா அந்தக் காலத்துத் தையல்காரி?"

"மெழுகுவத்தி மங்கியிருக்கும். பாருங்க, நேர்த்தையல் தொடங்குற இடத்துல வட்டமா ரெண்டு கறை. மெழுகு சொட்டினது. அது வேண்டாம், தையல் போதும்."

வெளியே வீறிட்ட அழுகை. கதவைத் தள்ளி எட்டிப் பார்த்தான் அவள் புருஷன். தோளில் கைக்குழந்தை.

"பாட்டில் பாலைத் துப்பித் துப்பி என் சட்டையே நாசம். உன்னைத்தான் வேணுமாம் உன் பொண்ணுக்கு. எங்கிட்ட என்ன இருக்குன்னு நான் குடுக்க?"

ஆய்வாளர் சிரித்துவிட்டார். "உள்ள வாங்க. மேசைகிட்ட மட்டும் வராதீங்க."

அவள் மூலையில் திரும்பி உட்கார்ந்து, பிள்ளையை மடியில் போட்டுத் துண்டால் மூடிக்கொண்டாள். வேலையை விட மனசில்லை. பிள்ளையின் தலையைத் தாண்டிக் கையை நீட்டிப் புதுக் கவுனின் விளிம்பைத் தைத்தாள். பிள்ளை இழுத்த இழுப்புக்கெல்லாம் முழங்கை ஆடியது.

"பார்த்து, காதையும் சேர்த்துத் தச்சிடாதே" என்றான் புருஷன்.

ஒரு சாண் முடிந்தது. "இனிமே நேர்த்தையல். பிடிங்க இவளை." வாயை விடாத பிள்ளையைப் பிடுங்கி அவனிடம் கொடுத்தாள். பிள்ளை அலறியது. துணியை இழுத்து நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தவள் பதறிப்போனாள்.

"ஐயோ, பட்டுல பால்!"

துடைக்க ஓடிவந்த ஆய்வாளரின் கை பாதியில் நின்றது. புதுத் துணியின் விளிம்பை வாங்கிப் பழையதன் பக்கத்தில் பிடித்தார். கோணலுக்குக் கோணல் ஒத்துப்போனது. நேர்த்தையல் தொடங்கும் இடத்தில், பழைய வட்டக் கறைகளுக்கு நேராக ஈரம் மின்னியது.

பிள்ளை இன்னும் அழுதது.

"மெழுகு இல்ல மேடம்" என்றாள் அவள், மெதுவாக.

கையை நீட்டித் தன் பிள்ளையைத் திரும்ப வாங்கி அணைத்துக்கொண்டாள்.

"இவளுக்கு இப்பவே குடுத்துடலாம். அந்தத் தையல்காரியோட பிள்ளைக்குத்தான் நூத்தம்பது வருஷமா அரை வயித்துப் பால் பாக்கி."