ஒரே பெட்டியில் இரண்டு

"ஸ்பாஸ் அண்ணே! நீங்க இவ்வளவு பெரிய திருடன்னு எனக்குத் தெரியாமப் போச்சே!"

இதைக் கத்துவதற்கு ரலிட்சா நடைபாதையில் குந்த வேண்டியிருந்தது. ஸ்பாஸின் கம்ப்யூட்டர் கடை நிலவறையில் இருந்தது. அதன் ஒரே ஜன்னல் நடைபாதையை ஒட்டி, கணுக்கால் உயரத்தில். சோஃபியா நகரத்து நிலவறைக் கடைகளில் சிகரெட் கேட்பவரும் குந்தத்தான் வேண்டும், நியாயம் கேட்பவரும் குந்தத்தான் வேண்டும்.

ஜன்னலில் ஒரு நரைத்த மீசை தெரிந்தது. மீசையில், காலையில் தின்ற பனிட்சாப் பலகாரத்தின் துணுக்கு ஒட்டியிருந்தது.

"காலங்காத்தாலயேவா? காபி குடிச்சியாம்மா?"

"பேச்ச மாத்தாதீங்க. இது என்ன?"

பையிலிருந்து இரண்டு ஹார்டு டிஸ்க்குகளை எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்தாள்.

"ஒண்ணு கெல்மார். ஒண்ணு டார்விஸ்."

"நான் உங்ககிட்ட வாங்கினது?"

"ரெண்டு கெல்மார்."

"அப்ப ஒத்துக்கிறீங்க!"

"கண்ணெதிர இருக்கு. ஒத்துக்காம?"

ரலிட்சாவுக்குக் கோபம் இன்னும் ஏறியது.

அவள் கல்யாணங்களுக்குப் போட்டோ எடுப்பவள். எட்டு மாதங்களுக்கு முன் மூன்று வாரம் உட்கார்ந்து, மூன்று கம்பெனிகளை ஒப்பிட்டு, ஒரு தாளில் கட்டம் போட்டிருந்தாள். உழைப்பு, வேகம், வாரண்டி. கெல்மார்தான் எல்லாக் கட்டத்திலும் முதல். ஐந்து வருட வாரண்டி. டார்விஸ் வேகத்தில் கடைசி, வாரண்டியும் இரண்டே வருடம்.

"ரெண்டு கெல்மார் போடுங்க. ஒண்ணுல ஏத்துற படம் இன்னொண்ணுலயும் தானா ஏறணும்" என்றாள்.

"ரெண்டும் ஒண்ணாவே வேண்டாம்மா. ஒண்ணு டார்விஸ் இருக்கட்டும்" என்றார் ஸ்பாஸ்.

"விக்காத சரக்க என் தலையில கட்டப் பாக்குறீங்களா?" என்று கட்டம் போட்ட தாளை நீட்டினாள். அவர் தாளைப் பார்த்துத் தலையாட்டினார். கம்ப்யூட்டரைக் கொண்டுவரச் சொல்லி, தானே மாட்டிக் கொடுத்தார்.

இன்று காலை கெல்மார் டிக், டிக் என்று முனகிவிட்டு நின்றது. அவள் பதறவில்லை. நகல் இருக்கிறது, வாரண்டி இருக்கிறது, மாற்றிக்கொள்ளலாம். மூடியைக் கழற்றிய பிறகுதான் பதறினாள். உள்ளே இன்னொன்றாக இருந்தது டார்விஸ்.

"போன ஞாயித்துக்கெழம கல்யாணம் அண்ணே. பொண்ணோட அப்பா ஆஸ்பத்திரியில ஒரு நாள் லீவு கேட்டு வந்தாரு. பொண்ணு கையப் பிடிச்சிட்டு ஹோரோ வட்ட ஆட்டத்துல ஒரே ஒரு சுத்து ஆடினாரு. மறுநாள் திரும்பிப் போய்ப் படுத்துட்டாரு. இன்னொரு தரம் ஆடச் சொல்ல முடியுமா? கேமரா கார்டையும் நான் அழிச்சாச்சு. அந்தப் படம் இப்ப உங்க டார்விஸ்ஸ நம்பிக் கெடக்கு!"

ஸ்பாஸ் டிஸ்க்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வியாழக்கெழம நாலு தரம் போன் பண்ணீங்களே, எதுக்கு? அடுத்த சரக்கத் தள்ளிவிடவா? அதான் நான் எடுக்கல."

அவர் டார்விஸ்ஸைத் தன் கம்ப்யூட்டரில் இணைத்து, திரையை ஜன்னல் பக்கம் திருப்பினார்.

ரலிட்சா தலையை உள்ளே நீட்டினாள்.

படங்கள் ஒவ்வொன்றாக வந்தன. கேக். மாமியார். மறுபடி மாமியார். பிறகு அந்த அப்பா. கழுத்து டை ஒரு பக்கம் போக, வாய்விட்டுச் சிரித்தபடி, மகளின் விரல்களைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கியிருந்தார்.

"இருக்கு," என்றாள் ரலிட்சா. "அண்ணே, இருக்கு!"

அதற்கு மேல் குந்த முடியவில்லை. அப்படியே நடைபாதையில் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டாள். நாயோடு வந்த ஒருவர் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்.

மூச்சு சீரானதும்தான் வந்த காரியம் நினைவுக்கு வந்தது.

"அது சரி. என்னோட ரெண்டாவது கெல்மார் எங்க?"

ஸ்பாஸ் மேசை டிராயரைத் திறந்து ஒரு கெல்மாரை எடுத்தார். அதில் 'ரலிட்சா' என்று எழுதிய காகிதம் ஒட்டியிருந்தது. இணைத்தார்.

டிக், டிக். நின்றுவிட்டது.

"ரெண்டோட நம்பரையும் பாரு."

பார்த்தாள். கடைசி இலக்கம் மட்டும்தான் வேறு.

"ஒரே பெட்டி. ஒரே நாள்ல செஞ்சது. ஒண்ணுக்கு என்ன சீக்கோ, அதேதான் மத்ததுக்கும். ரெண்டையும் உனக்கே மாட்டியிருந்தா என்ன ஆயிருக்கும்? வாரண்டிக் கார்டு ரெண்டும் உன் பேர்லதான் இருக்கு, கம்பெனிக்காரன் ரெண்டு புது டிஸ்க் அனுப்புவான். அந்த மனுஷன் ஆடினத அனுப்புவானா?"

ரலிட்சாவின் குரல் இறங்கியது. "அப்ப இந்த டார்விஸ்?"

"என் கம்ப்யூட்டருக்குன்னு வாங்கி வச்சது. சொன்னா நீ கேக்கப்போறதில்ல. தாளத்தான் நீட்டுவே. அதான் என்னோடத உனக்கு மாட்டிட்டு, உன்னோடத நான் மாட்டிக்கிட்டேன். எட்டு மாசமா ராத்திரி பகலா ஓட விட்டேன்."

"எதுக்குண்ணே?"

"உங்கிட்ட இருக்கிறது எப்பப் போகும்னு முன்னாடியே தெரிய வேண்டாமா?"

அவர் மீசையிலிருந்த துணுக்கைத் தட்டிவிட்டார்.

"இது வியாழக்கெழம செத்துச்சு. ஒடனே நாலு தரம் போன் பண்ணேன். நீதான் எடுக்கல."