உள்தாழ்ப்பாள்

சமையலறை மேசைமேல் கிடந்த ஆஸ்பிரின் அட்டைகள் எல்லாமே காலியாக இருந்தன. வெல்கோ ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தான். ஒரு மாத்திரைகூட மிச்சமில்லை.

"நெவெனா!" என்று கத்தினான். படுக்கையறையிலும் அவளைக் காணோம்.

நேற்று போனில் அவள் சண்டைகூடப் போடவில்லை. "உனக்கு லாரிதான் பொண்டாட்டி. நான் ஒரு முடிவு எடுத்துட்டேன் வெல்கோ" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். அப்புறம் போனை எடுக்கவே இல்லை.

வியன்னாவில் சரக்கை இறக்கிய கையோடு, எங்கும் நிறுத்தாமல் பல்கேரியா வரை ஓட்டி வந்திருந்தான். ஒவ்வோர் ஆண்டும் அவன் ஊர் திரும்பும்போது பனி விழத் தொடங்கியிருக்கும். இலையுதிர்காலத்தில் தன் வீடு எப்படி இருக்கும் என்பதே அவனுக்கு மறந்துபோயிருந்தது.

கொல்லைப்புறம் ஓடினான். கழுவிக் கவிழ்த்திருந்த சின்னச் சின்னக் கண்ணாடிப் புட்டிகள் காலில் இடறி உருண்டன. நெவெனா வழக்கமாகக் குளிர்கால ஊறுகாய் நிரப்பும் மூன்று லிட்டர் புட்டிகள் கொட்டகை ஓரம் தூசியோடு கிடந்தன. மூடியைத் திறந்து காற்றுப் பட்டுவிட்டால் சீக்கிரம் தின்று தீர்க்க வேண்டும், இல்லாவிட்டால் பூசணம் பூத்துவிடும். அதனால் வீட்டு வாய்களுக்கு ஏற்றபடிதான் புட்டி எடுப்பார்கள். அதையெல்லாம் யோசிக்கும் நிலையில் வெல்கோ இல்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் டாஃபினா குடைமிளகாய் சுட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நெவெனாவைப் பாத்தீங்களா?"

"அட, லாரிக்காரரு! வழி தவறி வந்துட்டியா?"

"விளையாடாதீங்க! அந்த மாத்திரையெல்லாம்..."

"ஆமா, கடைல இருந்ததை மொத்தமா அள்ளிட்டு வந்துட்டா. எனக்கு ஒரு அட்டைகூட மிச்சம் வைக்கல, பாவி! நிலவறைக்குள்ள போனவ, இன்னும் மேல வரல."

வெல்கோ ஓடிப்போய் நிலவறைக் கதவைத் தள்ளினான். உள்தாழ்ப்பாள் போட்டிருந்தது.

"நெவெனா, தப்பா எதுவும் பண்ணிடாத! நான் வந்துட்டேன்! லாரியை வித்துடறேன், சத்தியமா வித்துடறேன்!"

தோளால் இடித்தான். மறுபடி இடித்தான். தாழ்ப்பாள் பிய்த்துக்கொண்டது.

கீழே, பச்சைத் தக்காளிக் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்து, நெவெனா சின்ன உரலில் வெள்ளைப் பொடி இடித்துக்கொண்டிருந்தாள்.

"கதவை எதுக்குடா உடைக்கிற? பூனை வந்து உருட்டும்னுதானே தாழ்ப்பாள் போட்டேன்!"

"மாத்திரை... நீ..."

"தக்காளிக்கு! இதைக் கொதிக்க வைக்கிறதில்லல்ல? உப்பும் வினிகரும் ஊத்தி, மேல ஒரு சிட்டிகை இந்தப் பொடியைத் தூவினா நுரைக்காது, பூசணம் வராது, காய் குழையாது. ஊரே இப்படித்தான் போடுது. இத்தனை வருஷமா நீ தின்னது என்னன்னு நெனச்ச?"

வெல்கோ படியிலேயே சரிந்து உட்கார்ந்தான். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"எனக்கு உசுரே போயிடுச்சு. லாரியை விக்கிறேன்னு சொன்னது நெஜம் நெவெனா."

"அதை நீ வருஷா வருஷம் விக்கிற."

"சரி தள்ளு, உரலைக் குடு. நீ ஒருத்தியா எதுக்கு இவ்வளவு அவசரப்படற?"

நெவெனா ஒரு சின்னப் புட்டியை எடுத்து மூடியை இறுக்கினாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"நாளைக்கு நான் எங்க அக்கா வீட்டோட போயிடறேன். நீ ஒருத்தனா குளிர்காலத்தைத் தாண்டணுமே, அதான்."