எல்லாரையும் காக்க வைத்த துண்டு

“இன்னும் வரலையா? ஆளுங்க எல்லாம் ஏறி உட்கார்ந்துட்டாங்க” என்றான், முன்னறிவிப்பு வாங்க வானிலை நிலையத்துக்கே வந்துவிட்ட பயணிகள் படகின் கேப்டன்.

“வரும். கொஞ்சம் பொறுங்களேன்” என்றாள் அவன் மனைவி, திரையிலிருந்து கண்ணெடுக்காமல்.

அவள் அங்கே புரோகிராம் எழுதுபவள். அவளுடைய புரோகிராம் கடலைத் துண்டு துண்டாகப் பிரிக்கும்; துண்டுக்கு ஒரு கம்ப்யூட்டராக, எல்லாம் ஒரே நேரத்தில் வானிலையைக் கணக்குப் போடும். முன்னறிவிப்பு வந்தால்தான் படகு கிளம்பும். இன்று கணக்கு நகர்வேனா என்றது.

ஏன் என்று பார்க்க இன்னொரு மென்பொருளை ஓட விட்டிருந்தாள். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் அது ஒரு கோடு வரைந்தது. வேலை செய்தால் நீலம், சும்மா காத்திருந்தால் சாம்பல்.

பிற்பகல் வெயிலில் அறையே பாதித் தூக்கத்தில் இருந்தது. திரை முழுக்கச் சாம்பல் கோடுகள் பனிமூட்டம் போல ஊர்ந்தன. நடுவே ஒரே ஒரு நீலக் கோடு, எங்கோ மெல்லப் போகும் ஆறு மாதிரி. பார்த்துக்கொண்டே இருந்த கேப்டனுக்குக் கண் சொருகியது.

“அழகா இருக்கே... அந்த நீலம் என்ன?”

“அதுதாங்க வில்லன். அது முடிக்காம மத்ததெல்லாம் அடுத்த அடி வைக்க முடியாது.”

எட்டிப் பார்த்த அவளுடைய மேலதிகாரி சிரித்தார். “ஒரு சோம்பேறிக்காக ஊரே காத்துக் கிடக்கணுமா? கழட்டி விடும்மா. காலையில வந்த விடையையே அந்த இடத்துல ஒட்டிடு.”

“ஒட்டிடேன்” என்றான் கேப்டனும். “இருட்டறதுக்குள்ள அக்கரை சேரணும்.”

அவள் விரல் பட்டனுக்கு மேல் போய் நின்றது. மனசு கேட்கவில்லை. எல்லாத் துண்டுக்கும் ஒரே மாதிரிதானே எழுதினாள்? இது மட்டும் ஏன் முரண்டு பிடிக்கிறது? ‘காரணம் காட்டு’ என்று மென்பொருளிடம் கேட்டாள். பதில் வந்தது. படித்தாள். பிறகு வரைபடத்தில் அந்தத் துண்டைத் தேடினாள்.

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வந்து, கணவனின் சட்டைக் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

“ஆளுங்களை இறக்கச் சொல்லுங்க.”

“ஏன், புரோகிராம்ல கோளாறா?”

“கோளாறே இல்லை. காத்து சுழல ஆரம்பிச்சா, அந்த இடத்தை மட்டும் பொடிப்பொடியாப் பிரிச்சுக் கணக்குப் போடும். அதான் அந்த நீலத்துக்கு வேலை தீரவே இல்லை... நீங்க போற வழியில புயல் உருவாகுதுங்க!”