புதைத்த அல்லேலூயா

“உஷ்!”

லெனோர் அம்மாள் போட்ட அதட்டலில் ஆலயக் கூடமே காபிக் கோப்பையும் கையுமாக உறைந்துபோனது.

அதட்டல் வாங்கியவர் ஓட்டிஸ். எண்பத்தேழு வயது. கொள்ளுப்பேத்தி பிறந்த சேதி அப்போதுதான் போனில் வந்திருந்தது. சந்தோஷம் தாங்காமல், “அல்லேலூயா!” என்று கூவிவிட்டார்.

“போன ஞாயிறுதானே மிஸ்டர் ஓட்டிஸ் அந்த வார்த்தையைப் புதைச்சோம்? தவக்காலம் முடியற வரைக்கும் வாயை அடக்கிக்கிட்டு இருக்க முடியாதா?”

அந்தச் சபையின் வழக்கம் அப்படி. ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பான தவக்காலம் தொடங்குமுன் ‘அல்லேலூயா’ என்று எழுதிய கொடியைத் தகரப் பெட்டியில் வைத்து ஆலயத் தோட்டத்தில் புதைத்துவிடுவார்கள். ஈஸ்டர் காலையில் பிள்ளைகள் தோண்டி எடுக்கும்வரை யாரும் அந்தச் சொல்லை உச்சரிக்கக் கூடாது.

“ஈஸ்டர் வரைக்கும் நான் தாங்கணுமே, மிஸ் லெனோர்! டாக்டர் வேற கணக்கு சொல்றாரு” என்று சிரித்தார் ஓட்டிஸ்.

“விதின்னா எல்லாருக்கும்தான்.”

சொல்லிவிட்டு, மேஜையில் சிந்திய காபியைத் துடைக்கப் போய்விட்டார் லெனோர்.

ஞாயிறு பள்ளி ஆசிரியை ட்ரூடிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கொடி அவளுடைய பிள்ளைகள் தைத்தது. அதை வைத்து ஒரு மனிதரை இப்படியா நோகடிப்பது? நாற்பது வருஷமாக ஆலயப் பீடத்தைப் பார்த்துக்கொண்டு, அதன் விரிப்பில் ஒரு சுருக்கம் விழுந்தால் துடித்துப்போகிற மனுஷிக்கு, ஒரு மனிதரின் முகம் சுருங்கினால் தெரியாதா?

மறுவாரமே ஓட்டிஸ் படுக்கையில் விழுந்தார். இனி மருந்தில்லை என்று கைவிடப்பட்டவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லத்தில் சேர்த்தார்கள். ஈஸ்டர் வரை தாங்குவது கஷ்டம் என்றார்கள்.

ஐம்பது வருஷமாக ஈஸ்டரின் முதல் அல்லேலூயா அவர் குரலில்தான். கூரை அதிரும்.

“இந்த வருஷமும் அவர்தான் ஃபாதர். போனை மைக் பக்கத்துல வச்சிடலாம். அவர் படுக்கையிலிருந்தே குரல் கொடுக்கட்டும்” என்றாள் ட்ரூடி. ஆயர் வின்ஸ்லோ தலையாட்டினார்.

ஓட்டிஸ் தாங்கினார். டாக்டர் கணக்கைப் பொய்யாக்கிவிட்டு ஈஸ்டர் வரைக்கும் தாங்கிவிட்டார்!

அன்று காலை தோட்டம் திமிலோகப்பட்டது. புதுச் சட்டையும் கவுனுமாகப் பன்னிரண்டு பிள்ளைகள், கடற்கரையில் மணல் தோண்டும் குட்டி மண்வெட்டிகளோடு பாய்ந்தார்கள். மண் பறந்தது. டங்கென்று சத்தம் கேட்டது.

“பெட்டி! பெட்டி!”

ட்ரூடி மூடியைத் திறந்தாள். உள்ளே ஒரு மண்புழு மட்டும் நெளிந்தது.

“மிஸ் ட்ரூடி, அல்லேலூயா தொலைஞ்சுபோச்சு!” என்று ஒரு வாண்டு ஓவென்று அழ, மற்றவையும் சேர்ந்துகொண்டன.

“யாரு எடுத்திருப்பா?” ஆயர் பதறினார். “ஆராதனைக்கு இன்னும் பத்து நிமிஷம்தான் இருக்கு!”

ட்ரூடி சுற்றுமுற்றும் பார்த்தாள். நாற்பது வருஷத்தில் முதல்முறையாக லெனோர் அம்மாளைக் காணவில்லை.

“வேற யாரு? மண்ணுல வச்சா துணி பாழாயிடும்னு அந்தம்மா அன்னிக்கே முணுமுணுத்தாங்க. எடுத்து இஸ்திரி போட்டு அலமாரியில பூட்டி வச்சிருப்பாங்க!”

அந்த நேரம் பார்த்து ஒரு பழைய கார் கடகடவென்று வந்து வாசலில் நின்றது. தொப்பி ஒரு பக்கம் சரிய, லெனோர் இறங்கி ஓடிவந்தார். கக்கத்தில் கொடி.

இஸ்திரியாவது ஒன்றாவது. கொடி கசங்கிக் கிடந்தது. நான்கு மூலையிலும் ஒட்டுநாடா. நடுவில் சூப் கொட்டிய கறை வேறு.

“என்ன மிஸ் லெனோர் இது?” ட்ரூடி வெடித்தாள். “ஊர் வாயையெல்லாம் அடைச்சீங்களே, உங்களுக்கு மட்டும் விதி கிடையாதா? பிள்ளைங்க ராத்திரி பகலா தைச்சதும்மா!”

லெனோரின் முகம் சிவந்து தலை குனிந்தது.

“லேட்டாயிடுச்சு. மன்னிச்சிடு ட்ரூடி. கொடியைப் பிடி, மணி அடிக்கப்போறாங்க.”

குரல் கம்மிப்போய் காற்றாகத்தான் வந்தது. ‘வேஷம்’ என்று நினைத்துக்கொண்டாள் ட்ரூடி.

மணி முழங்கியது. ஆர்கன் அதிர்ந்தது. எழுந்து நின்ற சபைக்கு நடுவே கறைபட்ட கொடியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் குதித்துக் குதித்து ஓடினார்கள். ட்ரூடி ஆயர் கையிலிருந்த போனையே பார்த்தாள். ஓட்டிஸால் பேச முடியுமா?

ஆயர் போனை மைக் பக்கத்தில் வைத்தார். “ஓட்டிஸ், கேக்குதா? உங்க குரலுக்குத்தான் எல்லாரும் காத்திருக்கோம்!”

கரகரவென்று அந்தக் குரல் வந்தது. மெலிந்திருந்தது. ஆனால் அதே குறும்பு.

“கேக்குது ஃபாதர். இந்த வருஷம் முதல் குரலை மிஸ் லெனோர் கொடுக்கட்டும்.”

ஆலயத்தில் ஒரே சலசலப்பு. லெனோர் வேண்டாம் வேண்டாம் என்று போனைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

ஓட்டிஸுக்கு அது எங்கே தெரியப்போகிறது?

“நான் ஈஸ்டரைப் பார்க்காமப் போயிடுவேனோன்னு பயந்து, முட்டிவலியோட மண்ணைத் தோண்டிக் கொடியை எடுத்துட்டு வந்து என் கட்டிலுக்கு எதிர்ல ஒட்டினது அவங்கதான். தவக்காலம் பூரா தினமும் வந்து என்கூட தொண்டை கிழிய அல்லேலூயா பாடினாங்க. இன்னிக்குக் காலையிலகூட நர்ஸ் ஓடிவந்து அவங்களை ‘உஷ்!’னு அதட்டிட்டுப் போச்சு!”