நேர்கோடு

பற்றவைத்த பிறகுதான் வைத்தியர் இனாகாகியின் விரல் அந்த நேர்கோட்டில் இடறியது.

சுமிரே பாயில் குப்புறப் படுத்திருந்தாள். வலிக்கும் இடது தோளுக்குக் கீழே, வலி போக்க அரிசி அளவுக்கு உருட்டி வைத்த மாசிபத்திரி மூலிகைப் பஞ்சு நுனியில் கனன்றுகொண்டிருந்தது. சூடு உறைக்காமலிருக்க அதைச் சுற்றி விரலால் அழுத்துவது பார்வையற்ற அந்த வைத்தியரின் வழக்கம்.

அழுத்திய இடத்தில் தோல் மாறியது. வியர்வை இல்லை. பூனைமுடி இல்லை. அடியில் ஓர் இறுக்கம். அதன் ஓரம் அளவுகோல் வைத்துக் கிழித்தாற்போல் ஓடி, மூலையில் திரும்பியது.

பிறந்த உடம்பில் நேர்கோடு கிடையாது. இது எப்போதோ புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பாய்ச்சிய இடம். இங்கே ரத்தம் சூட்டை வாங்கிக்கொண்டு போகாது. மற்றவர்கள் தாங்கும் கங்கு இவளை உள்வரை வேகவைத்துவிடும். புண் வந்தால் ஆறாது.

“சுடுதாம்மா?”

“இல்லீங்க.”

மூச்சை நிறுத்திக்கொண்டு சொன்னாள்.

“அவ சொல்ல மாட்டா ஐயா,” என்றான் சுவரோரம் உட்கார்ந்திருந்த கணவன் தைசுகே. “வீட்ல நான் போடுற டீ கொஞ்சம் சூடா இருந்தா ஊரையே கூட்டுவா. இங்க பாருங்க, ரோட்டோரப் புத்தர் சிலை மாதிரி கிடக்கா. நீங்கதான் பாத்துக்கணும்.”

சுமிரேயின் கை வைத்தியரின் சட்டை நுனியைப் பிடித்தது. தலையணைக்குள் கிசுகிசுத்தாள்.

“அவருக்குத் தெரியாது. கல்யாணத்துக்கு முன்னாடி...”

கங்கு தோலைத் தொட இன்னும் ஒரு மூச்சு நேரம்.

இனாகாகி மருந்துப் புத்தரை நினைத்துக்கொண்டு, வெறும் விரலால் அதைக் கிள்ளி எடுத்தார். விரல்நுனி பொசுங்கியது.

“என்ன ஐயா, அணைச்சிட்டீங்க?”

“பஞ்சு நமுத்துப் போச்சுப்பா. நம்ம நாரா ஊரு ஜூன் மழை தெரியாதா? இன்னைக்குக் கால்ல மட்டும் வைக்கிறேன்.”

அவர் பொய் சொல்லி எத்தனையோ வருடங்கள் ஆகியிருந்தன. சட்டை நுனி மெல்ல விடுபட்டது.

புறப்படும்போது சுமிரே வாசற்படியில் குனிந்து காலணி மாட்டிக்கொண்டிருந்தாள். விடைபெற வந்தவன்போல தைசுகே வைத்தியரின் கையைப் பிடித்தான். விரல்களைப் பிரித்தான். பொசுங்கிய நுனியில் அவன் விரல் ஒரு கணம் நின்றது.

பிறகு உள்ளங்கையில், அவசரமில்லாமல், நேராக ஒரு கோடு இழுத்தான். விரலைத் திருப்பினான். இன்னொரு கோடு.

நான்கு கோடுகள். நான்கு மூலைகள்.

“அடுத்த வாரத்துக்குள்ள பஞ்சை நல்லாக் காயவச்சிடுங்க ஐயா,” என்றான், வாசல்வரை கேட்கும்படி உரக்க.