நிஜக் காய்ச்சல்

தம்பிக்குக் காய்ச்சல் என்றதும் பிஷ்கெக் நகரின் மறுமுனையிலிருந்து ஓடிவந்தாள் ஜிபார். சமையலறையில் தம்பி மனைவி குலைரா போனில் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா டாக்டர், நிஜக் காய்ச்சலேதான். ரொம்ப சந்தோஷம்."

"அவன் சுருண்டு கிடக்கான், உனக்குச் சிரிப்பு கேக்குதா?" என்று சீறினாள் ஜிபார்.

"உள்ள போய் அவரையே கேளுங்க அண்ணி."

படுக்கையறையில் தம்பி மெதெர் போர்வைக்குள்ளிருந்து மூக்கைச் சிந்தினான். "வெறும் சளிக்காய்ச்சல்தான்க்கா. ரெண்டு நாள்ல சரியாயிடும்."

ஜிபார் திகைத்து நின்றாள். இருமினாலே புற்றுநோய் என்று அழுது, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தவன் அவன். மனநல டாக்டர் அவனைத் தினமும் புற்றுநோய் வார்டு வராந்தாவில் உட்காரவைத்து, பயம் தானாக அடங்கும்வரை எழாமலிருக்கப் பழக்கி வந்தார். அது பலித்துவிட்டது.

சமையலறைக்குத் திரும்பிய ஜிபார் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினாள்.

"போனைக் குடு. அந்த டாக்டர்கிட்ட நானும் ஒரு வார்த்தை பேசணும்."